மூளை நாடிகள் ஏன் இறுகுகின்றன? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

மூளை இரத்தக்கசிவு பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கசிவு நின்று சில நாட்களுக்குப் பின்னர் ஏற்படும் நாடி இறுக்கத்தைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: (உப்புவெளி) ஐயா, 58 வயதான என் அப்பாவுக்கு ஒருநாள் காலையில் தலையில் இடி விழுந்ததுபோல வலி வந்து மயங்கிவிட்டார். மூளையில் நரம்பு வெடித்து இரத்தம் கசிந்திருப்பதாகச் சொல்லி, வெளியூர் வைத்தியசாலை ஒன்றுக்கு மாற்றி, தலையைத் திறந்து கிளிப் போட்டார்கள். அதற்குப் பிறகு நன்றாகக் கதைத்தார், பேரப்பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார். ஏழாம் நாள் பேச்சுக் குழறி வலது கை சோர்ந்துவிட்டது. நாடி இறுகிவிட்டது என்றார்கள். சத்திரசிகிச்சை சரியாக நடந்திருந்தால் இப்படி வருமா?

பதில்: வரும், மகளே. சத்திரசிகிச்சை எவ்வளவு நேர்த்தியாக நடந்திருந்தாலும் வரக்கூடிய ஒன்று இது. மூளையின் அடிப்பகுதியில் பெரிய நாடிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக அமைந்திருக்கின்றன. அந்த வளையத்தின் கிளைகள் பிரியும் இடங்களில் சிலருக்குச் சுவர் மெலிந்து ஒரு சிறு பை போல வீங்குகிறது. அந்தப் பை வெடிக்கும்போது, மூளையைச் சூழ்ந்துள்ள மென்படலங்களுக்கிடையே தெளிந்த நீர் நிறைந்திருக்கும் இடைவெளிக்குள் இரத்தம் பீறிட்டுப் பாய்கிறது. மூளைக்குச் செல்லும் நாடிகள் அதே இடைவெளியினூடாகத்தான் செல்கின்றன என்பதால், கசிவு நின்ற பிறகும் அவை உறைந்த இரத்தத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. கிளிப் போட்டவர்கள் அடைத்தது ஓட்டையை. மீண்டும் வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் அது கட்டாயம் செய்யவேண்டிய வேலை. ஆனால் ஏற்கெனவே வெளியே வந்துவிட்ட இரத்தத்தை அந்தக் கிளிப் ஒன்றும் செய்வதில்லை.

இறுக்கம் வழக்கமாக மூன்றாம் நான்காம் நாளளவில் தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களுக்குள் உச்சத்தை அடைந்து, இரண்டு மூன்று வாரங்களில் தளர்கிறது. உங்கள் தந்தையாருக்கு ஏழாம் நாள் நிகழ்ந்தது இந்தக் கணக்குக்குள் அப்படியே அடங்குகிறது. நாடிக்குள் சாயம் செலுத்திப் படம் எடுத்தால் இத்தகைய கசிவுக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதோ ஓரளவு குறுக்கம் தெரியும். அதனால் பேச்சோ கை காலோ பாதிக்கப்படுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு. ஒரு குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், மற்றவை மாறாதிருக்கும்போது, அதனூடாகச் செல்லும் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும் என்பது பாய்ம விதி. உயிருள்ள நாடியில் கணக்கு அவ்வளவு எளிதாக இராது என்றாலும், சிறிய குறுக்கம்கூட ஏன் இவ்வளவு சேதம் செய்கிறது என்பதை அது உணர்த்தும்.

இந்த இறுக்கத்தைப் படத்தில் தெளிவாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகரைச் சேர்ந்த எக்கர், ரீமன்ஷ்னைடர் என்ற இரு மருத்துவர்கள். அவர்களுடைய அறிக்கை 1951 இல் வெளியானது. சி.ரி. ஸ்கான் வந்த பிறகு, 1980 இல் மில்லர் ஃபிஷரும் அவரது குழுவினரும், முதற் படத்தில் எந்த நாடியைச் சுற்றி இரத்தம் தடிப்பாகத் தெரிகிறதோ அந்த நாடியே பின்னர் கடுமையாக இறுகுகிறது என்று காட்டினார்கள். ஆகவே நீங்கள் எழுதிய விபரங்களில், யாரோ தவறு விட்டார்கள் என்று எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

கேள்வி: (திருகோணமலை நகர், உயர்தர உயிரியல் ஆசிரியர்) உறைந்த இரத்தம்தான் காரணம் என்பது விளங்குகிறது. ஆனால் இரத்தத்தில் நூற்றுக்கணக்கான பொருட்கள் உள்ளனவே. அவற்றில் எது நாடியை இறுக்குகிறது என்று ஆய்வுகூடத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? என் மாணவர்களுக்குச் சொல்லக்கூடிய அளவில் விரிவாக எழுதுங்கள்.

பதில்: மாணவர்களுக்கென்றால் கருவியிலிருந்தே தொடங்கலாம். விலங்கின் மூளையின் அடியிலிருந்து ஒரு நாடியைப் பிரித்தெடுத்து, குளிர்ந்த உப்புக் கரைசலில் வைத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒட்டியிருக்கும் படலங்களை நீக்கி, ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளமான வளையங்களாக வெட்டுவார்கள். தலைமயிரைவிட மெல்லிய, 40 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள இரு கம்பிகளை அந்த வளையத்தின் துவாரத்துக்குள் செலுத்தி, ஒன்றை அசையாத தாங்கியிலும் மற்றதை விசையை அளக்கும் உணரியிலும் பூட்டுவார்கள். மல்வனி, ஹல்பேர்ன் ஆகிய இருவரும் 1977 இல் விவரித்த கருவி இது. தொட்டியில் 37 பாகை செல்சியஸ் சூட்டில், குளுக்கோசும் உப்புகளும் கலந்த நீர். அதனூடாக 95 வீதம் ஒட்சிசனும் 5 வீதம் காபனீரொட்சைட்டும் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். உடலை விட்டுப் பிரிந்த பிறகும் அந்த வளையம் மணிக்கணக்கில் உயிரோடிருந்து, சுருங்கியும் தளர்ந்தும் காட்டும்.

எடுத்த எடுப்பில் சந்தேகப் பொருளை ஊற்றிவிடமாட்டார்கள். முதலில் பொற்றாசியம் செறிந்த கரைசலை விட்டுத் தசை சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து அசற்றைல்கோலினை விட்டு, சுருங்கிய வளையம் தளர்கிறதா என்று பார்ப்பார்கள். தளர்ந்தால், நாடியின் உட்புறத்தை மூடியிருக்கும் அகவணிக் கலங்கள் சேதப்படவில்லை என்று பொருள். ஆய்வுகூடத்தில் வேலை தொடங்கும் பிள்ளைகள் முதல் மாதத்தில் கெடுப்பது இந்த அகவணியைத்தான். கம்பியைச் செலுத்தும்போது கை சற்று உரசினாலும் அது போய்விடும்.

இந்தக் கருவியில் சோதித்தபோது எழுந்த சிக்கல் விசித்திரமானது. சந்தேக நபர்கள் ஏறத்தாழ எல்லோருமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். செரற்றோனின் நாடியைச் சுருக்கியது, நோரட்ரினலின் சுருக்கியது, சில புரொஸ்ரகிலண்டின்கள் சுருக்கின, இரத்தம் உறையும்போது உருவாகும் துரொம்பினும் சுருக்கியது. ஆனால் செரற்றோனின் சில நிமிடங்களில் வேலை செய்து அடங்கிவிடும் பொருள். நோயாளியிலோ இறுக்கம் மூன்று நாள் தாமதித்து வந்து வாரக்கணக்கில் நிற்கிறது. ஆகவே நாடியைச் சுருக்கவல்லது எது என்ற கேள்வியை விட்டு, அந்தக் கால அட்டவணைக்குப் பொருந்தக்கூடியது எது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் நகர்ந்தார்கள். செங்குழியங்கள் பொருந்தின. உறைகட்டிக்குள் சிக்கிய செங்குழியங்கள் உடனே உடைவதில்லை. நாள்கள் செல்லச் செல்ல ஒவ்வொன்றாய் உடைந்து, உள்ளிருக்கும் ஈமோகுளோபினைச் சூழவுள்ள நீரில் கலக்கின்றன. இரத்தத்தை உடற்சூட்டில் சில நாள் வைத்திருந்த பின் அதன் தெளிநீரை எடுத்து நாடி வளையத்தின் மேல் விட்டால், புதிய இரத்தத்தைவிட அது வலுவாகச் சுருக்குகிறது.

கனடாவின் அல்பேர்ட்டாவில் பிரைஸ் வியரும் அவரது குழுவினரும் குரங்குகளில் செய்த பரிசோதனைகள் இந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தின. 1991 இல் அவர்கள் நடு மூளைய நாடியின் அருகே ஆறு நாட்களுக்கு வெவ்வேறு கரைசல்களைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபினான ஒட்சி ஈமோகுளோபினும், நாட்பட்ட இரத்தத்தின் தெளிநீரும் நாடியைக் கணிசமாக இறுக்கின. அதே மூலக்கூறில் இரும்பு ஒட்சியேற்றப்பட்ட வடிவமான மெதமோகுளோபின் அவ்வாறு இறுக்கவில்லை.

ஏன் ஒன்று இறுக்குகிறது, மற்றது இறுக்குவதில்லை என்பதற்கான பதிலின் ஒரு பகுதி வேறொரு ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. ரொபேர்ட் ஃபர்ச்கொட், முயலின் பெருநாடியில் அகவணி உரசுப்பட்டுப் போயிருந்தால் அசற்றைல்கோலின் அதைத் தளர்த்துவதில்லை என்று 1980 இல் காட்டினார். அகவணி ஏதோ ஒரு தளர்த்தும் பொருளை வெளியிடுகிறது என்பது அதன் பொருள். அது நைத்திரிக் ஒட்சைட்டு என்ற சிறு வாயு மூலக்கூறு என்று பின்னர் தெரியவந்தது. 1998 இல் ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. ஒட்சி ஈமோகுளோபின் இந்த நைத்திரிக் ஒட்சைட்டைக் கண்டவுடன் பிடித்து நைத்திரேற்றாக மாற்றி, தானும் மெதமோகுளோபினாகிவிடுகிறது. அதாவது நாடியை ஓயாமல் தளர்த்திக்கொண்டிருந்த கை அகற்றப்படுகிறது. ஏற்கெனவே மெதமோகுளோபினாக இருப்பது அந்த வேலையைச் செய்ய முடியாது. இரசாயனம் படிப்பிப்பவரோடு சேர்ந்து இந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

தளர்த்தும் கை போனது ஒரு பக்கம். இறுக்கும் கை வலுப்பெறுவது மறுபக்கம். 1988 இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் யனகிசாவாவும் குழுவினரும் பன்றியின் பெருநாடி அகவணிக் கலங்களை வளர்த்து, அவை சுரந்த திரவத்திலிருந்து எண்டோதீலின் என்ற பெப்ரைட்டை, அதாவது அமினோ அமிலங்களாலான சிறு சங்கிலியை, பிரித்தெடுத்தார்கள். 21 அமினோ அமிலங்களே கொண்ட அது, அறியப்பட்ட நாடிச் சுருக்கிகளில் மிக வலிமையானவற்றுள் ஒன்று. அதன் விளைவும் நெடுநேரம் நீடிக்கும். ஈமோகுளோபின் அதன் உற்பத்தியைத் தூண்டுகிறது.

நாடிச் சுவரின் மழமழப்பான தசைக் கலத்துக்குள் நடப்பதை உயர்தரப் பாடத்தோடு இணைத்துச் சொல்லலாம். கல்சியம் அயன்கள் உள்ளே வந்து கல்மொடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து, மயோசின் என்ற தசைப் புரதத்தின் இலேசான சங்கிலியில் பொசுபேற்றை ஏற்றும் நொதியத்தைத் தூண்டுகின்றன, தசை சுருங்குகிறது. பொசுபேற்றை இறக்கும் நொதியம் அதைத் தளர்த்துகிறது. ரோ கைனேசு என்ற இன்னொரு நொதியம் இந்த இறக்கும் வேலையைத் தடுத்துவிடுவதால், கல்சியம் குறைந்த பிறகும் சுருக்கம் விடுபடாமல் நிற்கிறது. இந்த ரோ கைனேசைத் தடுக்கும் பசுடில் என்ற மருந்து ஜப்பானில் 1995 முதல் பயன்பாட்டில் உள்ளது. இவற்றோடு, அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் வெல்மனின் குழுவினர் முயல்களில் கண்டது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கசிவுக்குப் பிறகு சிறிய மூளை நாடிகளின் தசையில், முன்பு காணப்படாத ஆர் வகைக் கல்சிய வாயில்கள் தோன்றுகின்றன. வழக்கமான கல்சிய வாயில்களை அடைக்கும் மருந்துகள் இந்தப் புதிய வாயில்களை அடைப்பதில்லை. கசிவுக்கு முந்திய நாடியும் பிந்திய நாடியும் ஒரே நாடியல்ல என்பதால், நலமான விலங்கின் வளையத்தில் நன்றாக வேலை செய்த மருந்து நோயாளியில் ஏன் ஏமாற்றுகிறது என்பது ஓரளவு விளங்குகிறது.

கேள்வி: (கிண்ணியா) என் வாப்பா இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். அறுத்த மாட்டின் மூளையிலிருந்து நாடியை எடுத்து இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாதா? இதற்கென்று குரங்கையும் நாயையும் வருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: முடியும். பல ஆய்வுகூடங்கள் அப்படியே செய்கின்றன. இறைச்சிக்காக அறுக்கப்பட்ட மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் மூளை நாடிகளைப் பனிக்கட்டியில் குளிர்ந்த கரைசலில் வைத்து எடுத்துச் சென்று, அன்றைக்கே வளையங்களாக்கிப் பயன்படுத்துகிறார்கள். முன் பதிலில் சொன்ன எண்டோதீலினும் பன்றியின் பெருநாடிக் கலங்களிலிருந்தே கிடைத்தது. சுருக்கம், தளர்வு, வாயில்கள், நொதியங்கள் ஆகியவற்றைப் படிக்க இது போதுமானது. ஆனால் மூன்று நாள் தாமதம், இரத்தக்கட்டி மெல்ல உடைவது, சுவர் வீங்கித் தடிப்பது ஆகியவை தொட்டியில் கிடக்கும் ஒரு வளையத்தில் நிகழா. அவற்றுக்கு உயிருள்ள உடல் வேண்டும். நாயின் தலையின் பின்புறத்தில் மூளைநீர் தேங்கும் இடைவெளிக்குள் அதன் சொந்த இரத்தத்தையே இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை செலுத்தி, அடிப்புற நாடி இறுகுவதைப் படமெடுக்கும் முறை 1983 முதல் நெடுங்காலம் பின்பற்றப்பட்டது. இன்று பெரும்பாலும் எலிகளும் சுண்டெலிகளும் பயன்படுகின்றன. உங்கள் மனக்குறை நியாயமானது. இதே கேள்வியை ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தையும் ஆராயும் நெறிமுறைக் குழுவும் கேட்டாக வேண்டும்.

கேள்வி: (தம்பலகாமம்) என் மனைவிக்குக் கசிவு ஏற்பட்டபோது நிமோடிபின் என்ற குளிசையை நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பிக் கொடுத்தார்கள். அது நாடியை விரிக்கும் மருந்து என்று தாதி சொன்னார். அது விரிக்கிறது என்றால் ஏன் எல்லோரையும் அது காப்பாற்றுவதில்லை?

பதில்: இந்தத் துறையின் மையமான புதிரையே கேட்டுவிட்டீர்கள். 60 மில்லிகிராம் வீதம் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 21 நாட்களுக்கு என்பதே வழக்கமான அளவு. இரவில் எழுப்பிக் கொடுப்பது அவசியமானதுதான், ஏனெனில் மருந்து இரத்தத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. இரத்த அழுத்தம் தாழ்ந்தால் அளவைப் பிரித்து 30 மில்லிகிராமாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுப்பதுண்டு. அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

1989 இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனையில் 554 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். நிமோடிபின் பெற்றவர்களில் மூளைத்திசு இறப்பு 22 வீதமாகவும், வெற்றுக் குளிசை பெற்றவர்களில் 33 வீதமாகவும் இருந்தது. இது பெரிய நன்மை. ஆயினும் சாயப்படங்களில் பெரிய நாடிகளின் குறுக்கம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. அதாவது மருந்து நோயாளியைக் காத்தது, படத்தில் தெரியும் நாடியை விரிக்கவில்லை.

இதன் மறுதலையும் நடந்தது. எண்டோதீலின் வந்து பற்றும் இடமான வாங்கியை அடைக்கும் கிளசோசென்ரன் என்ற மருந்தை 413 நோயாளிகளில் சோதித்து 2008 இல் வெளியிட்ட முடிவில், உயர்ந்த அளவு பெற்றவர்களில் நடுத்தர, கடுமையான இறுக்கம் 66 வீதத்திலிருந்து 23 வீதமாகச் சரிந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். 2011 இல் வந்த பெரிய பரிசோதனையிலோ, மூன்று மாதத்தின் பின் நோயாளிகள் தம் வேலைகளைத் தாமே செய்யும் நிலையில் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. இரத்த அழுத்தம் தாழ்தல், நுரையீரலில் நீர் கோத்தல் போன்ற பக்கவிளைவுகள் கிடைத்த நன்மையின் ஒரு பகுதியைத் தின்றிருக்கலாம். ஜப்பானில் 2022 இல் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பல நாடுகளில் இன்னும் இல்லை. நாடி படத்தில் அழகாகத் தெரிவதையே வெற்றியின் அளவுகோலாக நெடுங்காலம் கொண்டிருந்தோம் என்பதை இந்த இரு மருந்துகளும் எடுத்துக் காட்டிவிட்டன என்பது என் கருத்து.

படத்தில் தெரியாதது என்ன? நாடிகளிலும் சிறியவை, படத்துக்குச் சிக்காதவை இறுகுகின்றன. அங்கங்கே நுண்ணிய இரத்தக்கட்டிகள் அடைக்கின்றன. இவற்றோடு மூளைக் கலங்களில் எழும் ஒரு மின் அலையும் சேர்கிறது. பிரேசில் நாட்டவரான அரிஸ்ரிடெஸ் லியோ, ஹாவார்ட்டில் முயல்களின் மூளையில் மின்செயல் அடங்கிப்போகும் ஓர் அலை நிமிடத்துக்கு மூன்று மில்லிமீற்றரளவு வேகத்தில் ஊர்ந்து செல்வதை 1944 இல் எழுதினார். நலமான மூளையில் அந்த அலை வந்தால், கலங்கள் மீள்வதற்கு உதவியாக நாடிகள் விரிந்து கூடுதல் இரத்தத்தைக் கொடுக்கும். பேர்லினில் யென்ஸ் ட்ரையர் குழுவினர் 1998 இல் எலியின் மூளை மேற்பரப்பில் ஈமோகுளோபினையும் கூடிய பொற்றாசியத்தையும் சேர்த்து வைத்தபோது, அதே அலை வந்த இடமெல்லாம் நாடிகள் விரிவதற்கு மாறாகச் சுருங்கி, திசு இறந்தது. செங்குழியம் உடையும்போது வெளிவருவது இந்த இரண்டுமே. நிமோடிபின் இந்த இடத்தில் எதையோ தணிக்கிறது என்று எண்ணுவதற்கு இதே வகை விலங்குச் சோதனைகளில் ஆதாரம் உண்டு.

கேள்வி: (நிலாவெளி, ஹோட்டல் ஊழியர்) எனக்கு அடிக்கடி ஒற்றைத் தலைவலி வரும். அதுவும் நாடி இறுகுவதால்தானா?

பதில்: ஒற்றைத் தலைவலிக்கு நாடியின் சுருக்கமும் விரிவுமே காரணம் என்ற பழைய விளக்கம் இன்று பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. நரம்புகளிலிருந்து தொடங்கும் கோளாறாகவே அதைக் கொள்கிறார்கள். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் கடும் தலைவலி வேறு கதை. அது இரத்தக்கசிவாக இருக்கலாம். கசிவே இல்லாமல் மூளை நாடிகள் தற்காலிகமாக இறுகி மூன்று மாதத்துக்குள் தளரும் நிலையாகவும் இருக்கலாம். பிள்ளை பெற்ற பின்னரும், மூக்கடைப்புக்கான சில மருந்துகளாலும், கஞ்சாவாலும் இந்த இரண்டாவது நிலை தூண்டப்படுவதுண்டு. எதுவாயினும் பனடோல் போட்டுப் படுத்துவிடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கேள்வி: (மூதூர், மாணவர்) இரத்தக்கட்டிதான் வேர் என்றால், அதைக் கழுவி அகற்றிவிட்டால் போதுமல்லவா?

பதில்: அதைத்தான் வியரின் குழுவினரும் 1987 இல் கேட்டார்கள், தம்பி. குரங்கின் நாடியைச் சுற்றி வைத்த கட்டியை 48 மணித்தியாலத்தில் அகற்றியபோது இறுக்கம் பெரிதும் தடுக்கப்பட்டது. பிந்தப் பிந்த அந்த நன்மை குறைந்தது. மனிதரில் கட்டி மூளையின் மடிப்புகளுக்குள்ளும் நுண்ணிய இழைகளுக்கிடையிலும் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்தால் நாடியே கிழியக்கூடும். ஆகவே இடுப்பில் முள்ளந்தண்டினூடாக ஒரு மெல்லிய குழாயை வைத்து, இரத்தம் கலந்த அந்த நீரை மணித்தியாலத்துக்கு 5 மில்லிலீற்றர் வீதம் வடித்துவிடும் முறை சோதிக்கப்பட்டது. 287 நோயாளிகளில் செய்து 2023 இல் வெளியான முடிவில், ஆறு மாதத்தின் பின் மோசமான நிலையில் இருந்தவர்கள் குழாய் வைக்கப்பட்டவர்களில் 100 க்கு 33 பேர், வைக்கப்படாதவர்களில் 100 க்கு 45 பேர். புதிய மருந்து எதுவும் இல்லாமல் கிடைத்த பலன் இது.

அகற்ற முடியாததைக் கட்டிப்போடுவது மற்றொரு வழி. நம் இரத்தத்திலேயே இருக்கும் ஹப்ரோகுளோபின் என்ற புரதம், சிதறிய ஈமோகுளோபினை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. மூளையைச் சூழ்ந்த நீரில் அது மிகக் குறைவாகவே உள்ளதால், அங்கே கலக்கும் ஈமோகுளோபினைச் சமாளிக்க அது போதாது. சூரிச் ஆய்வாளர்கள் செம்மறியாடுகளின் மூளைநீருக்குள் ஹப்ரோகுளோபினைச் செலுத்திப் பார்த்து 2019 இல் எழுதினார்கள். இரண்டும் சேர்ந்த பெரிய மூலக்கூறு நாடிச் சுவருக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றுவிட, உள்ளே இருந்த நைத்திரிக் ஒட்சைட்டு தப்பியது, நாடியும் இறுகவில்லை. ஆட்டில் கண்ட இந்தப் பலன் மனிதரில், அதுவும் நோயாளி எழுந்து நடப்பதில், தெரிகிறதா என்பதே இனிப் பார்க்க வேண்டியது. உங்களுக்கு இந்தத் துறையில் நாட்டம் இருந்தால் உயிரியலோடு இரசாயனத்தையும் விடாமல் படியுங்கள்.